வீட்டையும் அளந்து பாருங்கள்

நெல் வாங்க வருபவர் மூட்டையின் வாயை அவிழ்த்து, ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். அது நொறுங்கும் ஓசையைக் கொண்டே ஈரம் எவ்வளவு என்பதை அறிந்துகொள்கிறார். மாடு வாங்குபவர் அதன் பல்லைப் பார்க்கிறார்; நடக்கவிட்டும் பார்க்கிறார். மீன் வாங்கும் தாய்மார் செவுளை விரித்துப் பாராமல் காசை எடுப்பதில்லை. ஒரு வேளைக் கறிக்கு வாங்கும் மீனுக்கே இத்துணைச் சோதனை! ஆனால், வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் கொடுத்துப் பழைய வீடொன்றை வாங்கப் போகும்பொழுது நாம் செய்வது என்ன? விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்துகிறோம். அறைகளை ஒருமுறை சுற்றி வருகிறோம். “நல்ல காற்றோட்டமான வீடு” என்று சொல்லி முற்பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வருகிறோம்.

பழைய வீட்டை வாங்குமுன் அதனைத் தக்கவர் ஒருவரைக் கொண்டு சோதிப்பித்தல் வேண்டும் என்பதே இவ்வாரம் நாம் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே பாலமுனை என்னும் ஊர் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே மணற்றரையில் வீடுகள். இத்தகைய ஊர்களில் வீடு என்பது வெறும் கல்லும் ஓடும் அன்று. இப்பகுதி முஸ்லிம்களிடையேயும் தமிழர்களிடையேயும் மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்துவைப்பதே நெடுநாளைய வழக்கம். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுகிறான். மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் அடுத்த மகளோடு வேறொரு சிறு வீட்டுக்குப் பெயர்ந்து செல்வதையும் நாம் காண்கிறோம். அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியான தம் நூலில் இவ்வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆகவே, இங்கே ஒருவர் பழைய வீடொன்றை வாங்குகிறார் என்றால், பெரும்பாலும் அது அவருடைய மகளின் வாழ்வுக்காகவே. வயற்காணியை விற்ற பணமோ, மத்திய கிழக்கு நாடொன்றில் பல கோடைகள் உழைத்த பணமோ அதிலே அடங்கியிருக்கும். அவ்வீட்டின் கூரை மூன்றாம் மாரியில் இறங்கத் தொடங்கினால் திருத்துவதற்குக் கையில் பணம் இராது. பிழை செய்தவர் தந்தை. ஒழுகும் வீட்டில் குழந்தையோடு இருப்பவள் மகள். இதனாலேயே இப்பொருளைச் சிறிதென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

“நாங்கள் சர்வே எடுத்துத்தானே வாங்குகிறோம்!” என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். உண்மை, எடுக்கிறோம். ஆனால் நம் ஊர்களில் ‘சர்வே’ என்ற சொல் காணி அளப்பதை மட்டுமே குறிக்கிறது. நில அளவையாளர் வருகிறார். எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல்லுக்கு அளக்கிறார். எத்தனை பேர்ச்சஸ் என்று படம் வரைந்து தருகிறார். அப்படத்தில் வீடு ஒரு சிறு கட்டமாகக் காட்டப்பட்டிருக்கும். அக்கட்டத்துக்குள்ளே வளை உளுத்திருக்கிறதா, சுவர் பிளந்திருக்கிறதா என்பது அவருடைய வேலையன்று. நொத்தாரிசு உறுதியைப் பார்க்கிறார், வீட்டைப் பார்ப்பதில்லை. வங்கியில் கடன் கேட்டால் மதிப்பீட்டாளர் ஒருவர் வருகிறார். கொடுத்த கடனுக்கு ஈடாக இந்த ஆதனம் போதுமா என்பதே அவர் விடைகாணும் வினா. தரகரோ விற்பனை முடிந்தாற்றான் ஊதியம் பெறுவார். இத்தனை பேர் வந்து போகிறார்கள். வீட்டை வீடாகப் பார்ப்பதற்கு மட்டும் ஒருவரும் வருவதில்லை.

மதிப்பீடு வேறு, சோதனை வேறு என்பதை விளக்க இங்கிலாந்தில் நடந்த வழக்கொன்று நல்ல சான்று. நோரிச் என்னும் நகரில் ஓர் அம்மையார் பழைய சிறு வீடொன்றை வாங்கக் கடன் கேட்டார். கடன் கொடுக்கும் சங்கம் அனுப்பிய மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்து, இன்றியமையாத திருத்தம் எதுவும் வேண்டியதில்லை என்று எழுதினார். அந்த அறிக்கையை நம்பி அம்மையார் வீட்டை வாங்கிவிட்டார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு சென்றபின், மேலே இருந்த புகைபோக்கியின் செங்கற்கள் கூரையையும் உட்கூரையையும் உடைத்துக்கொண்டு படுக்கை அறையில் விழுந்தன. முன்னொரு காலத்தில் யாரோ புகைபோக்கியின் அடிப்பகுதியை இடித்து எடுத்திருந்தார்கள். மேற்பகுதி தாங்குவாரின்றி நின்றது. அடிப்பகுதி எடுக்கப்பட்டதை மதிப்பீட்டாளர் கண்டார். மேற்பகுதி எதன்மேல் நிற்கிறது என்று ஏறிப் பார்க்கவில்லை. வழக்கு மேன்முறையீடுகளைக் கடந்து பிரபுக்கள் சபைவரை சென்றது. 1989இல் சபை அம்மையார் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. எனினும், வழக்கில் வெல்வது வேறு. செங்கல் விழாத அறையில் உறங்குவது வேறு.

அந்நாட்டில் 1868இல் தொடங்கப்பெற்ற பட்டய அளவையாளர் கழகம் இன்று வீட்டுச் சோதனையை மூன்று படித்தரங்களாக வகுத்திருக்கிறது. பழைய வீட்டுக்கும் பலமுறை மாற்றிக் கட்டிய வீட்டுக்கும் மூன்றாம் தரமாகிய விரிவான சோதனையே தக்கது என்பது அவர்களுடைய அறிவுரை. கண்ட குறைகளை அவர்கள் வகைப்படுத்தும் முறையும் நாம் கைக்கொள்ளத் தக்கது. ‘உடனே கவனிக்க வேண்டியது’, ‘திருத்த வேண்டியது, ஆனால் அவசரமில்லை’, ‘இப்போதைக்குக் குறை இல்லை’ என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தரம் இடுகிறார்கள். வாங்குபவருக்கு வேண்டியது இதுதானே! பழைய வீட்டில் குறையே இருக்கக் கூடாது என்பதன்று. எந்தக் குறை எவ்வளவு பெரியது என்று தெரிந்திருத்தல் வேண்டும் என்பதே.

நம் நாட்டுச் சிற்றூர்களில் இப்படி ஒரு வழக்கம் வேரூன்றவில்லை. ஆயினும் அதனைச் செய்யத்தக்கவர்கள் இல்லாமல் இல்லை. குடிசார் பொறியியலாளர் ஒருவரையோ, இளைப்பாறிய தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவரையோ அழைக்கலாம். அவருடன் அனுபவம் முதிர்ந்த மேசன் ஒருவரும், ஓடாவியார் என்று இப்பகுதியில் வழங்கப்பெறும் தச்சர் ஒருவரும் சேர்ந்து வருவாராயின் இன்னும் நன்று. சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்வதில் மேசனுக்கும், மரத்தை முகர்ந்து பார்த்துச் சொல்வதில் ஓடாவியாருக்கும் நிகரானவர் அரியர். ஆனால் ஒரு விதியை நாம் வற்புறுத்திச் சொல்வோம்: விற்பனை முடிவதால் இலாபம் பெறுபவர் சோதனை செய்யக் கூடாது, திருத்த வேலையை ஏற்கப் போகிறவரும் செய்யக் கூடாது. முன்னவருக்குக் குறைகள் கண்ணிற் படா. பின்னவருக்கு இல்லாத குறைகளும் கண்ணிற் படும். கூலியைப் பார்வைக்காக மட்டும் கொடுங்கள். அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள்.

இனி, பாலமுனைப் பக்கத்து வீடொன்றில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வோம்.

முதலில் வீட்டின் வயதைக் கேளுங்கள். ஒரே வயதைச் சொன்னால் நம்பாதீர்கள். இக்கரையில் உள்ள பழைய வீடு பெரும்பாலும் ஒரே காலத்தில் எழுந்ததன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி இப்பகுதிக் கூரைகள் பலவற்றை அள்ளிக்கொண்டு போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையிலே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறையே. மாண்டவர் 10,000க்கு மேற்பட்டோர். 2011இன் தொடக்கத்தில் பெருவெள்ளம் வந்தது. ஒவ்வொரு துன்பத்தின் பின்னும் மக்கள் கையில் இருந்ததைக் கொண்டு வீடுகளைத் திருத்தினார்கள். ஆகவே முன்விறாந்தை ஒரு காலத்தது, நடுமண்டபம் ஒரு காலத்தது, குசினி மற்றொரு காலத்தது என்று இருக்கலாம். ‘சூறாவளியில் எது போயிற்று? கடல் வந்தபோது நீர் எவ்வளவு உயரம் நின்றது? வெள்ளத்தில் எத்தனை நாள் ஊறிற்று?’ என்ற மூன்று கேள்விகளை விற்பவரிடமும் அயலவரிடமும் தனித்தனியே கேளுங்கள். பழைய சுவரும் புதிய சுவரும் சந்திக்கும் மூலைகளைச் சோதிப்பவருக்குக் காட்டுங்கள். வெடிப்புத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாவது, உப்பு. கடலோர வீட்டுக்கு முதற்பகை அதுவே. கடல் மணலைக் கழுவாமற் கலந்தாலும், உவர்க் கிணற்று நீரை ஊற்றிக் குழைத்தாலும் கொங்கிறீற்றுக்குள் உப்புப் புகுந்துவிடும். நல்ல கொங்கிறீற்று தன்னுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடியாமற் காக்கும் இயல்புடையது. உப்பு அந்தக் காவலைக் குலைத்துவிடும். இரும்பு துருவாக மாறும்பொழுது அதன் பருமன் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். உள்ளே இடமின்றி அது கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளும். தூணிலும் லின்டலிலும் கம்பி ஓடும் திசையிலேயே நீண்ட வெடிப்பும், அதன் ஓரத்தில் செந்நிறக் கறையும் தோன்றினால், அதன் மேல் புதுப்பூச்சுப் பூசுவது புண்ணின் மேல் புத்தாடை போர்த்துவது போன்றதே. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். திண்ணென்று ஒலித்தால் நன்று. வெறும் பானைபோல் ஒலித்தால் உள்ளே பிரிந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, சுவர். வெடிப்பு என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. மயிரிழை போன்று பூச்சில் மட்டும் ஓடும் வெடிப்பு எல்லா வீட்டிலும் உண்டு. கதவு, சாளரங்களின் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் சரிந்து ஏறும் வெடிப்பு வேறு வகை. அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதை அது சொல்லக்கூடும். பிரித்தானியக் கட்டட ஆய்வாளர்கள் வகுத்த அளவைப்படி, ஐந்து மில்லிமீற்றர் அகலம்வரை உள்ள வெடிப்பு பெரும்பாலும் தோற்றத்தைக் கெடுப்பதே; அதற்கு மேற்பட்டால் காரணம் தேட வேண்டும்; பதினைந்தைத் தாண்டினால் பெருந்திருத்தம் வேண்டும். வெடிப்பு இன்னும் வளர்கிறதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்தால் ஒட்டித் தேதியை எழுதி வைப்பார்கள். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று அறியலாம். மிகப் பழைய வீடாயின் சுவர் சுண்ணாம்புச் சாந்தால் எழுந்திருக்கலாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்பினது. அதன் மேல் கெட்டியான சீமெந்துப் பூச்சைப் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை உப்புப் பூத்து, பூச்சு உதிர்வதைப் பல வீடுகளிற் காண்கிறோம். விற்பனைக்கு முன் அந்த உயரம்வரை மட்டும் புதுவர்ணம் தீட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நான்காவது, கூரை. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது சோதனையாகாது. ஏணி வைத்து ஏற வேண்டும். முதிரை, பாலை போன்ற வைர மரங்களும், நன்கு முதிர்ந்த பனையும் தலைமுறைகள் நிற்கும். இளம் மரம் உளுத்துவிடும். வளை சுவரில் இருக்கும் இடத்திலேதான் ஈரமும் கறையானும் முதலிற் புகும். அங்கே கூரிய உளியால் குத்திப் பாருங்கள். சுவரோரமாக ஏறும் மண்கோடு கறையானின் வழி. கைமரங்கள் சுவரோடு இரும்புப் பட்டையாலோ ஆணியாலோ இறுகப் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா, அன்றித் தம் பாரத்தால் மட்டும் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். சூறாவளி கூரையை மேலிருந்து அமுக்குவதன்று, கீழிருந்து தூக்குவது. அஸ்பெஸ்டோஸ் தகடு வேய்ந்த பழைய கூரையாயின் மற்றொரு கவனமும் வேண்டும். எல்லா வகை அஸ்பெஸ்டோசும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகுத்திருக்கிறது. தகடு உடையாதிருக்கும்வரை ஆபத்துக் குறைவு. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசியே கொடியது. அக்கூரையை மாற்றும் செலவையும் முறையையும் விலை பேசுமுன்னரே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, கிணறும் குழியும். மணற்கரையில் நன்னீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. பம்பு வைத்து மேல்நீரை மிகுதியாக இறைத்தால் கீழ்நீர் மேலெழுந்து கிணறு உவர்த்துவிடும். மாரியில் இனிக்கும் கிணறு ஆனி, ஆடியில் என்ன சுவை தருகிறது என்று அயலவரைக் கேளுங்கள். அன்றியும், மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது? நம்முடையது மட்டுமன்று, அடுத்த வளவுக்காரருடையதும் எங்கே? மணலில் அழுக்கு எளிதில் ஊறிப் பரவும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடியேனும் இருத்தல் நலம். வளவுகள் சிறுத்துக்கொண்டு வரும் இக்காலத்தில் இத்தூரம் இல்லாத வீடுகளே மிகுதி. நீரைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது பெருஞ் செலவன்று.

ஆறாவது, மின்சாரம். பழைய கம்பிகளின் மேலுறை வெடித்து உதிர்ந்திருக்கலாம். பூமித் தொடர்புக்கு நாட்டிய கம்பி கடற்காற்றில் அரித்துப்போயிருக்கலாம். காய்ந்த மணலில் அது வேலை செய்வதும் குறைவு. தகுதி பெற்ற மின்னியலாளர் ஒருவர் கருவி வைத்து அளந்து பார்க்கட்டும். ‘ட்ரிப் சுவிச்’ இருக்கிறதா, அழுத்தினால் விழுகிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றியும் ஒரு சொல். ‘யாரும் பாவிக்காத வீடு, புதிதுபோல் இருக்கிறது’ என்று தரகர் சொன்னால் மகிழ வேண்டாம். அக்கரைப்பற்றின் நுரைச்சோலையில் ஆழிப்பேரலையால் வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குப் பகிர்வது என்னும் வழக்கினால் அவை பல்லாண்டுகள் குடியேறுவாரின்றிக் கிடந்து, பற்றைக்காடு மூடிச் சிதைந்தன. புதிதாகக் கட்டிய வீடுகளுக்கே அக்கதி என்றால் பழைய வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா? அடுப்பு எரியாத வீட்டில் ஈரம் உலர்வதில்லை. ஓடொன்று விலகினால் ஏறிச் சரிசெய்வாரில்லை. பூட்டிய வீட்டை இருமடங்கு கவனத்துடன் பாருங்கள்.

எந்த வீட்டையும் இருமுறை சென்று பாருங்கள்: ஒருமுறை வெயிலில், ஒருமுறை மழையில். வாடைக்காற்று மழை பொழியும் கார்த்திகை, மார்கழியில் ஒரு மாலைப் பொழுது அவ்வீட்டில் நின்றால், எந்த வர்ணமும் மறைக்க முடியாத செய்திகளை அவ்வீடே சொல்லும்.

வீடு நன்றாயிருந்தும் நிலம் நன்றாயிராமற் போகலாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் ஆகும். அதனுள் புதிதாகக் கட்டவோ பெருப்பிக்கவோ அனுமதி வேண்டும். 2005இல் வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டுதலைத் தடுக்கும் அறிவிப்பு வந்து, பின்னர் அது தளர்த்தப்பட்டதை இப்பகுதியினர் மறந்திரார். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் கடலில் விழுந்த காட்சியும் தொலைவில் நடந்ததன்று. ஆகவே வலயம் எது, அனுமதி எது என்பதைப் பிரதேச சபையிலும் கரையோரம் பேணற் திணைக்களத்திலும் கேட்டறிய வேண்டும். காணி உறுதிக் காணியா, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியா என்பதும் முக்கியம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியை அதிகாரியின் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது.

இப்பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தோம் என்று ஊரறியச் சொல்லியிருப்பார்கள்; உறுதியோ இன்னும் வாப்பாவின் பெயரிலேயே இருக்கும். அசையாச் சொத்தைக் கைமாற்றும் உறுதியும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆகவே உறுதியில் உள்ளவரையும், வீட்டில் இருந்து வாழும் மகளையும் ஒருங்கே சந்தித்துப் பேசாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். அவளுக்குத் தெரியாமல் அவள் வீட்டை வாங்குவது சட்டத்துக்குப் பொருந்தினும் மனச்சான்றுக்குப் பொருந்தாது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு தயக்கம் எஞ்சி நிற்கிறது. நமது ஊர்களில் விற்பவர் அந்நியரல்லர். உறவினராயிருப்பார், ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுபவராயிருப்பார். அவர் வீட்டைச் சோதிக்க ஆள் கொண்டுவந்தால் ‘என்னை நம்பவில்லையா?’ என்று வருந்துவாரே! இந்தத் தயக்கத்தினாலேயே பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகின்றனர். ஆனால் எண்ணிப் பாருங்கள். விற்பவர் நல்லவராயினும் அவருக்கே தெரியாத குறைகள் வீட்டில் இருக்கக்கூடும். வளையின் உள்ளே கறையான் தின்பதை வீட்டுக்காரர் எங்ஙனம் அறிவார்? சோதிக்கப்படுவது அவருடைய நேர்மையன்று, மரமும் சுவருமே. பின்னால் குறை வெளிப்பட்டு, இரு குடும்பமும் முகம் பாராமல் திரிவதைவிட முன்னால் ஒரு நாள் பார்ப்பது உறவுக்கும் நல்லது. “காக்கா, குறை நினைக்க வேண்டாம். யாரிடம் வாங்கினாலும் வீட்டை ஒருவருக்குக் காட்டித்தான் முடிப்பது என்று வைத்திருக்கிறோம்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே வழக்கம் என்றால் ஒருவர் மனமும் புண்படாது.

சட்டமும் சமயமும் இதற்கு மாறானவை அல்ல. நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம், மறைந்து கிடந்த குறைக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் வழியை வைத்திருக்கிறது. எனினும் பார்த்தால் தெரியக்கூடிய குறைக்கு வாங்கியவரே பொறுப்பு. இஸ்லாமிய வணிகச் சட்டமும், குறையை மறைத்து விற்கலாகாது என்கிறது. குறை கண்டவிடத்துப் பொருளைத் திருப்பும் உரிமையையும் ஒப்புக்கொள்கிறது. எனவே சோதனையை விரும்பி ஏற்கும் விற்பனையாளர் தம் பொறுப்பையே இலேசாக்கிக்கொள்கிறார்.

அறிக்கை கைக்கு வந்தபின் செய்ய வேண்டியவை மூன்று. உடனே செய்ய வேண்டிய திருத்தங்களுக்கு ஆகும் செலவை எழுதி, அதனை விலையோடு கூட்டுங்கள். அதுவே வீட்டின் உண்மை விலை. அது உங்கள் கைக்குள் அடங்குமாயின், குறைகளைக் காட்டி விலையைப் பேசுங்கள். அடங்காதாயின் நன்றி சொல்லி எழுந்து வாருங்கள். இத்தனையும் முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே நடைபெற வேண்டும். பணம் கைமாறிய பிறகு செய்யும் சோதனை மனத்தை வருத்துவதற்கே உதவும்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்லி முடிப்போம். அடுத்த விடுமுறையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, நீங்கள் வாழும் வீட்டையே சோதித்துப் பாருங்கள். எந்த அறை எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று மூத்தம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். வெடிப்புகளை அளந்து குறியுங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியற் பீடமும் இருக்கிறது. நாளை அங்கே கற்று வெளிவரும் நம் பிள்ளைகளுள் சிலரேனும், புதிய மாளிகைகளுக்குப் படம் வரைவதோடு நில்லாமல், பழைய வீட்டின் கூரைக்குள் ஏறிப் பார்த்து, “இதை உங்கள் மகளுக்குக் கொடுக்கலாம்” என்றோ, “வேண்டாம்” என்றோ துணிந்து சொல்லும் தொழிலையும் மேற்கொள்வாராயின், இக்கரையில் ஏழைத் தகப்பன்மார் பலருடைய பணம் வீண்போகாது.